எட்டு பிக்சல் இடம் போதவில்லை

நாற்சந்தியில் மேலே ஏற வேண்டும். கட்டைவிரல் மேல்பக்கம் அழுத்தியும் விட்டது. பேக்-மேன் மட்டும் சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை மாதிரி நேரே போய், அடுத்த திருப்பத்தில் சாவகாசமாக மேலே ஏறினான். எதிரே இளஞ்சிவப்புப் பேய் வந்துகொண்டிருந்தது. வாய் மேல்நோக்கிப் பிளந்து, இன்னும் பிளந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனான். முதல் கட்டத்தில் பாதிப் புள்ளிகள்கூடத் தீரவில்லை.

ஒன்பது வயதில் இந்த முதல் கட்டத்தைப் பேசிக்கொண்டே முடிப்பேன். திரையைப் பார்க்காமல் அக்காவுடன் சண்டை போட்டுக்கொண்டே முடித்த நாளும் உண்டு. இப்போது பரணில் இருந்து பழைய டிவி கேம் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, இந்தக் காலத்து டிவிக்கு ஒத்துவர ஒரு மாற்றியை நடுவில் போட்டு இணைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அரை நிமிடத்துக்கு ஓர் உயிர் போகிறது. வயதாகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். கண் சரியில்லையோ, விரல் மந்தமோ. அப்படி நினைத்து இரண்டு நாள் வருத்தப்பட்டது வீண் என்று பிறகு தெரிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன.

அந்தப் பெட்டி மாமா கொண்டுவந்தது. நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீட்டு கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த பிரதிகளில் ஒன்று. கூடவே ஒரு கேசட். அதை நாங்கள் கேசட் என்றுதான் சொன்னோம், கேட்ரிஜ் என்ற சொல்லெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. பட்டியலில் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக எண் போட்டிருக்கும். பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தால் அதே இருபது முப்பது கேம் வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். எங்களுக்கு அது குறையாகப் படவில்லை. பட்டியலில் பேக்-மேன் எங்கே இருக்கிறது என்று தெரியும், அது போதும்.

விளையாட்டு எப்படி என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மஞ்சள் வட்டம், புள்ளிகள், நான்கு பேய்கள், நான்கு மூலையில் நான்கு பெரிய உருண்டைகள். உருண்டையை விழுங்கினால் பேய்கள் நீலமாகி ஓடும், கொஞ்ச நேரம் நாம் துரத்தலாம். பட்டன் எதுவும் தேவையில்லை. மேல், கீழ், இடம், வலம், அவ்வளவுதான். எந்த கேமையும் தொடாத என் அக்காவை உட்கார வைத்தது இந்த ஒன்றுதான்.

அக்காவுக்குப் பேய்களின் ஆங்கிலப் பெயர்கள் தெரியாது. தானாகப் பெயர் வைத்தாள். சிவப்பு, கடன்காரன். எங்கே போனாலும் பின்னாலேயே வரும், விடாது. இளஞ்சிவப்பு, குறுக்கே விழுகிறவள். பின்னால் வராமல் எதிரே வந்து நிற்பாள். நீலப்பச்சை, லூசு. என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. ஆரஞ்சு, பயந்தாங்கொள்ளி.

"டேய், அந்த ஆரஞ்சைப் பார்த்து ஏன்டா ஓடுற? பக்கத்துல வந்தா அதுவே பயந்து போயிடும்."

நான் நம்பவில்லை. அது கிட்டே வருவதும் சட்டென்று இடது கீழ்மூலைக்குத் திரும்பிப் போவதும் தற்செயல் என்றே நினைத்தேன். அக்கா அதை நம்பிப் பல முறை அதன் வாயிலேயே போய் விழுந்தும் இருக்கிறாள், ஏனென்றால் அது திரும்பிப் போகிற வழியிலேயே நாம் நின்றால் மாட்டிக்கொள்வோம். ஆனாலும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பல வருடம் கழித்து ஜப்பானியப் பெயர்களைப் படித்தபோது எழுந்து போய் அக்காவுக்கு போன் போட்டேன். டோரு இவாதானி என்ற, நாம்கோ நிறுவனத்தின் வடிவமைப்பாளர் செய்த இந்த விளையாட்டு 1980 மே 22 அன்று டோக்கியோவின் ஷிபுயாவில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் பக்-மேன். அதில் சிவப்புக்கு ஒய்காகே, துரத்துவது என்று பொருள். இளஞ்சிவப்புக்கு மச்சிபுசே, பதுங்கி மறிப்பது. நீலப்பச்சைக்கு கிமகுரே, மனம் போன போக்கில் திரிவது. ஆரஞ்சுக்கு ஒதோபோகே, ஒன்றும் தெரியாத மாதிரி நடிப்பது. அக்கா வைத்த பெயர்களை யாரோ ஜப்பானியத்தில் மாற்றி எழுதிய மாதிரி இருந்தது. அக்கா சிரிக்கவில்லை. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள்.

ஆரஞ்சின் விதி நிஜமாகவே அவள் சொன்னதுதான். ஆர்கேட், அதாவது காசு போட்டு விளையாடும் பெரிய பெட்டியின் நிரலில் திரை முழுவதும் எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சின்னச் சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஆரஞ்சு எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருக்கும்வரை நம்மைக் குறிவைத்து வரும். அதற்குள் வந்துவிட்டால் குறியை மாற்றி இடது கீழ்மூலைக்குப் போகும். சிவப்பு, நாம் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்பு, நம் முகத்துக்கு நேரே நான்கு கட்டம் தள்ளிக் குறிவைக்கும். நீலப்பச்சையின் கணக்குத்தான் கொஞ்சம் சுற்றல். நமக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு இடம் எடுத்து, சிவப்புப் பேயில் இருந்து அந்த இடத்துக்கு ஒரு கோடு இழுத்து, அதே கோட்டை இன்னொரு மடங்கு நீட்டினால் எங்கே முடிகிறதோ அங்கே போகும். அதாவது சிவப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நீலப்பச்சையைப் புரிந்துகொள்ள முடியாது. அதை லூசு என்று அக்கா சொன்னதில் தவறே இல்லை.

இந்தக் கணக்கில் ஒரு பிசகும் உண்டு. நாம் மேல்நோக்கிப் போகும்போது மட்டும் இளஞ்சிவப்பின் குறி நான்கு கட்டம் மேலே மட்டுமல்லாமல் நான்கு கட்டம் இடதுபக்கமாகவும் தள்ளிப் போய்விடும். நிரல் எழுதியபோது நேர்ந்த வழு. அதனால் மேலே ஏறும்போது அவளை ஏமாற்றுவது கொஞ்சம் எளிது. இதை அறிந்து விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அறிந்தும் அறியாதவன் மாதிரிதான் சாகிறேன்.

இன்னொன்று. பேய்கள் எப்போதும் துரத்திக்கொண்டே இருப்பதில்லை. முதல் கட்டத்தில் முதல் 7 வினாடி நான்கும் தத்தம் மூலைக்குப் போய்ச் சுற்றும். பிறகு 20 வினாடி துரத்தல். மறுபடி 7 வினாடி ஓய்வு, மறுபடி துரத்தல். இப்படி நான்கு முறை ஓய்வு கிடைத்த பிறகு, அந்த உயிர் இருக்கும்வரை துரத்தல்தான். ஓய்வுக்கும் துரத்தலுக்கும் மாறும் அந்த நொடியில் நான்கும் ஒரே சமயத்தில் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பும். சின்ன வயதில் அந்தத் திடீர்த் திருப்பம் வரும்போதெல்லாம் யாரோ மணியடித்தது போல இருக்கும். மூச்சு விட்டுக்கொள்வேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

சரி, வீட்டு வடிவத்துக்கு வருகிறேன். ஃபேமிகாமுக்கு நாம்கோ இந்த விளையாட்டைக் கொண்டுவந்தது 1984இல். ஆர்கேட் பெட்டியில் இருந்து வீட்டு டிவிக்கு இறக்குவது என்றால் வண்ணம் குறையும், சத்தம் மாறும் என்றுதான் பொதுவாகப் பேசுவோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இடம். ஆர்கேட் பெட்டியில் டிவிக் குழாயைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருப்பார்கள். திரை நெட்டையாக நிற்கும். அகலம் 224 பிக்சல், உயரம் 288. அதில் மேலே மூன்று வரிசை ஸ்கோருக்கு, கீழே இரண்டு வரிசை மிச்ச உயிருக்கும் பழங்களுக்கும். நடுவில் இருக்கும் பாதைகளின் புதிர் மட்டும் 31 வரிசை, அதாவது 248 பிக்சல்.

ஃபேமிகாமின் மொத்த உயரமே 240 பிக்சல்.

எட்டு பிக்சல் இடம் போதவில்லை. ஸ்கோரைத் தூக்கிவிட்டு, உயிர்களைத் தூக்கிவிட்டு, வெறும் புதிரை மட்டும் வைக்கலாம் என்றாலும் முடியாது, ஒரு வரிசை வெளியே நிற்கும். போதாததற்கு அந்தக் காலத்து டிவிகள் மேலும் கீழும் கொஞ்சம் படத்தைச் சட்டத்துக்குள் மறைத்துவிடும். அகலத்தில் 256 பிக்சல் இருப்பதால் 32 மிச்சம், ஆனால் ஸ்கோரைப் பக்கத்தில் எழுத அது பற்றாது. ஆகவே புதிரையே சுருக்கினார்கள். எல்லாச் சந்துகளும் குறுகின. ஸ்கோர், உயிர், பழம் எல்லாம் வலதுபக்கம் ஒரு பட்டையாகப் போய் உட்கார்ந்தன. ஓர் ஆளை நிற்க வைத்துப் பார்த்த பெட்டியில் இருந்து உட்கார வைத்துப் பார்க்கும் பெட்டிக்கு மாறியதில் வீடும் கொஞ்சம் குட்டையாகிவிட்டது.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. பேக்-மேன் என்றால் வலதுபக்கம் ஸ்கோர் இருக்கும் விளையாட்டு. அப்படித்தான் அது பிறந்தது என்று நினைத்திருந்தேன்.

முதன்முதலாக ஓர் அசல் ஆர்கேட் பெட்டியின் முன் நின்றபோது எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. திமிரோடுதான் போனேன். முதல் உயிர் பதினைந்து வினாடியில் போனது. கைப்பிடியின் தலையில் உருண்டை, நான்கு திசைக்கு மட்டும் நகரும்படி அடியில் கட்டுப்பாடு. தள்ளினால் டக்கென்று விழும், இடையில் தயக்கமே இல்லை. பத்து வருடம் கட்டைவிரலால் விளையாடிய எனக்கு முழங்கை வரை வலித்தது. அதைவிடக் குழப்பியது தூரம். மேலே ஏறும் சந்து முடியவே மாட்டேன் என்றது. என் விரல் எண்ணி வைத்திருந்த கணக்குக்கு இந்நேரம் மூலை வந்திருக்க வேண்டும், வரவில்லை. எந்த மூலையில் எத்தனையாவது நொடியில் திரும்பினால் சிவப்பு எங்கே இருக்கும் என்று என்னிடம் ஒரு மனக்கணக்கு இருந்தது. அது அத்தனையும் குட்டையான வீட்டின் கணக்கு.

ஆர்கேடில் ஒரே மாதிரி ஓடினால் பேய்களும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் வரும். குருட்டாம்போக்கு என்று எதுவும் இல்லை. நீலமாகி ஓடும்போது மட்டும் ஒரு போலி எண் கணக்கு வழியைத் தீர்மானிக்கும், அதுவும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு உயிரிலும் முதலில் இருந்து தொடங்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் வழிகளை வரைபடமாக வரைந்து மனப்பாடம் செய்தார்கள். அப்படி மனப்பாடம் செய்தவர் என் வீட்டு வடிவத்தில் உட்கார்ந்தால் நான் பெட்டியின் முன் பட்ட பாட்டைத்தான் படுவார். பாட்டு ஒன்றே, தாளம் வேறு.

ஒரு கருவியின் விளையாட்டை இன்னொரு கருவிக்கு மாற்றி எழுதுவதைப் போர்ட் என்பார்கள். அதில் எது தேற வேண்டும், எது போனால் பரவாயில்லை? இந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதிலை மாற்றியது, அடாரி 2600 என்ற பழைய வீட்டு கேம் பெட்டிக்கு வந்த வடிவம்தான்.

பழைய கருவிகள் சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் அது இருக்கிறது. ஒரு சனி ஞாயிறு முழுக்க அதன்முன் உட்கார்ந்தேன். 1982இல் வந்தது. 70 லட்சத்துக்கும் மேல் விற்றது, அந்தக் கருவிக்கு வந்தவற்றிலேயே அதிகம் விற்றது அதுதான். ஏமாற்றத்துக்குப் பேர்போனதும் அதுதான். தொடங்கும்போது பழகிய இசைக்குப் பதில் நான்கு தட்டல். கறுப்புப் பின்னணி இல்லை, நீலம். சுவர்கள் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. புள்ளிகள் புள்ளியாக இல்லை, சின்னச் சின்னக் கோடுகள். பக்கவாட்டில் இருக்க வேண்டிய சுரங்க வழி மேலும் கீழும் இருக்கிறது. பழத்துக்குப் பதில் ஒரு சதுரம், கையேட்டில் அதற்கு வைட்டமின் என்று பெயர். பேக்-மேனுக்கு ஒரு கண் முளைத்திருக்கிறது. மேலே போனாலும் கீழே போனாலும் பக்கவாட்டில்தான் பார்ப்பான், நண்டு மாதிரி.

அப்புறம் பேய்கள். மினுக்மினுக்கென்று மின்னுகின்றன. திரைக்கு வினாடிக்கு 60 முறை படம் போகிறது என்றால் ஒவ்வொரு பேயும் அதில் நான்கில் ஒரு முறைதான் இருக்கும், வினாடிக்கு 15 முறை. கண் கூசும்.

ஆனால் அந்தக் கருவியின் உள்ளே பார்த்தால் திட்ட மனம் வராது. அதன் மொத்த நினைவகம் 128 பைட். கிலோபைட் இல்லை, பைட். இந்தப் பத்தியின் எழுத்துகளைக்கூட அதில் சேமிக்க முடியாது. திரையை முழுதாக வரைந்து வைத்துக்கொள்ள இடமே இல்லை. டிவியின் கதிர் ஒவ்வொரு கோடாக வரைந்துகொண்டே வரும்போது, அந்தந்தக் கோட்டுக்கு என்ன வேண்டும் என்று செயலி அந்தக் கணத்தில் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். ஒரு கோட்டுக்குச் செயலியின் 76 சுழற்சி, அதாவது 76 துடிப்பு அவகாசம், அதற்குமேல் இல்லை. தனியாக நகரும் உருவங்களாக வன்பொருள் தருவது இரண்டே இரண்டு, கூடவே சில துணுக்குகள். பந்து ஒன்று, மட்டை இரண்டு என்ற வகை விளையாட்டுக்கு நினைத்துச் செய்தது. அதில் ஒன்றைப் பேக்-மேனுக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதை நான்கு பேய்களும் முறை வைத்துத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரே சட்டையை நான்கு அண்ணன் தம்பிகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வருவது மாதிரி.

இதை எழுதியவர் டாட் ஃபிரை. அவருக்குக் கிடைத்த கேட்ரிஜ் 4 கிலோபைட். இரண்டு பேர் மாறி மாறி விளையாடும் வசதியும் வேண்டும். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 126 புள்ளிகள், தின்றதா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் என்றாலும் 16 பைட். இரண்டு ஆட்டக்காரர்களுக்கு 32. மொத்த நினைவகத்தில் கால்வாசி, எந்தப் புள்ளி மிச்சம் இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொள்ளவே போய்விடுகிறது. இன்னும் ஒரு பேய்கூட உள்ளே வரவில்லை.

அதனால் மின்னுவதை நான் மன்னித்துவிட்டேன். நீலப் பின்னணியை, நண்டு நடையை, நான்கு தட்டலை, எல்லாவற்றையும். ஞாயிறு மதியம் வாக்கில் கண் பழகியும் விட்டது. பழகிய பிறகும் ஏதோ உறுத்தியது. நான் பயப்படவே இல்லை. நான்கு பேயும் வெளிறிய நிறத்தில் ஒன்றுபோல இருந்தன, எது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பின்னால் வருவது கடன்காரனா பயந்தாங்கொள்ளியா என்று தெரியாமல் எப்படிப் பயப்படுவது? வெறுமனே தள்ளிப் போனேன். அக்கா வைத்த பெயர்களை அவற்றின்மேல் ஒட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

அதே கருவிக்கு 1983இல் மிஸ் பேக்-மேன் வந்தது. அதே 128 பைட், அதே இரண்டு உருவங்கள். கேட்ரிஜ் மட்டும் இரட்டிப்பு, 8 கிலோபைட். அதில் பேய்கள் தனித்தனி நிறத்தில் வருகின்றன, மின்னுவதும் குறைவு, பழங்கள் பழமாகவே திரிகின்றன. ஆர்கேடுக்குப் பக்கத்தில் வைத்தால் கோணல்மாணல்தான். ஆனால் மூன்றாவது நிமிடத்தில் நான் சத்தமாக, "வராதே, வராதே" என்றேன். நண்பர் அடுத்த அறையில் இருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு அதுதான் அளவுகோல்.

சின்னத் திரைகளிலும் இந்தப் பாடு உண்டு. கையில் பிடித்து விளையாடும் கேம்பாயின் திரை 160க்கு 144 பிக்சல். அங்கே புதிரைப் பெரிதாக வைத்துத் திரையை நகர்த்தலாம், அல்லது எறும்பளவில் சுருக்கி முழுவதும் காட்டலாம். நகரும் திரையில் பேய் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் வந்து விழும். பேக்-மேனில் பயம் என்பது தெரிந்து வருவது. நான்கும் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்துக்கொண்டே மாட்டிக்கொள்வது. மறைந்திருந்து பாய்வது வேறு வகைப் பயம், அது இந்த விளையாட்டுக்குச் சேராது.

இப்போது என் டிவி விஷயம்.

அசல் ஆர்கேடின் முதல் கட்டத்தில் பேக்-மேனின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 60 பிக்சல். திரையும் வினாடிக்கு ஏறக்குறைய 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அப்படிப் புதுப்பிக்கும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். ஆக ஒரு பிரேமுக்கு ஒரு பிக்சல். புள்ளி தின்னும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பிரேம் நின்றுவிட்டுப் போவான், அதனால் பேய்களைவிட மெதுவாகிவிடுவான். தின்று தீர்த்த வெற்றுச் சந்தில் ஓடினால் பேய்களைவிட வேகம். புள்ளி இருக்கும் பக்கம் ஆசை காட்டும், இல்லாத பக்கம் உயிர் காக்கும். இந்த நுணுக்கத்தை யார் யோசித்தார்களோ, அவருக்கு என் வணக்கம்.

மூலைகளில் இன்னொரு சலுகை உண்டு. பேய்கள் சந்தின் நட்டநடுவே வந்துதான் திரும்பும். பேக்-மேன் அதற்கு மூன்று நான்கு பிக்சல் முன்பே திரும்பத் தொடங்கலாம், மூலையை அறுத்துக்கொண்டு குறுக்காகப் போய்விடுவான். கைப்பிடியை முன்கூட்டியே தள்ளி வைத்திருந்தால் போதும். ஒவ்வொரு மூலைக்கும் அந்த மூன்று நான்கு பிக்சல் லாபம். நான்கு மூலை திரும்பினால் பின்னால் வந்த கடன்காரன் ஒன்றரைச் சதுரக் கட்டம் பின்தங்கிவிடுவான். தப்பிப்பதற்கு இந்த விளையாட்டில் முக்கியமான வித்தை அதுதான்.

என் டிவியில் என்ன நடக்கிறது என்று பார்க்க போனை முக்காலியில் வைத்து, மெதுவாக ஓடும் வீடியோவாக, விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி எடுத்தேன். விரல் அழுத்துகிறது. திரையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. அப்புறம் திரும்புகிறான். திரும்பத் திரும்பப் பார்த்து எண்ணினேன், ஐந்து பிரேம் வருகிறது. மாற்றி கொஞ்சம் சாப்பிடுகிறது, மிச்சத்தைப் படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி சாப்பிடுகிறது. பழைய குழாய் டிவியில் இப்படி உட்கார்ந்து யோசிக்கும் வேலையே இல்லை. சிக்னல் வர வர அது வரைந்துகொண்டே போகும்.

ஐந்து பிரேம் என்றால் ஒரு வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. படம் பார்க்கிறவருக்கு அது ஒன்றுமே இல்லை. இங்கே அது ஐந்து பிக்சல். மூலைக்கு மூலை கிடைக்கும் லாபத்தை டிவி முழுதாக விழுங்கிவிட்டு, என் கையில் இருந்து மேற்கொண்டும் ஒன்றிரண்டு பிடுங்கிக்கொள்கிறது. வேறு எந்த கேமிலும் இந்த டிவியைப் பற்றி நான் குறை சொன்னதில்லை. இந்த விளையாட்டுக்கு மட்டும் அது பொருந்தவில்லை.

அமைப்புகளைத் தோண்டி, மெருகேற்றுவதை எல்லாம் அணைத்து, கேம் மோடில் வைத்தேன். ஐந்து இரண்டாகக் குறைந்தது. அன்று இரவு மூன்றாவது கட்டம் வரை போனேன். விரல் மந்தமில்லை. படுக்கப் போகும்போது மணி ஒன்றரை.

இப்போதெல்லாம் அசல் ஆர்கேட் நிரலையே அப்படியே ஓட்டும் வடிவங்கள் இந்தக் காலத்து டிவி கேம் பெட்டிகளில் கிடைக்கின்றன. சுருக்க வேண்டியதில்லை, மாற்றி எழுத வேண்டியதில்லை, 248 பிக்சலுக்கும் இடம் தாராளம். நான் அதையும் வைத்திருக்கிறேன். அகலத் திரையின் நடுவில் ஒல்லியாக நிற்கும், இரண்டு பக்கமும் வெறும் கறுப்பு. ஒருமுறை கணினியின் மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி, இரண்டு தடித்த புத்தகங்களில் சாய்த்து வைத்து விளையாடினேன். நன்றாகத்தான் இருந்தது, மானிட்டர் சரிந்து என் மடியில் விழும்வரை. 256ஆவது கட்டத்தில் எண்ணும் இடம் போதாமல் திரையின் வலப்பாதி குப்பையாகிவிடும் என்பார்கள், அந்தக் குப்பையையும் அப்படியே காட்டுமாம். நான் அந்தப் பக்கமே போகப் போவதில்லை.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். அவளுக்கு ஆச்சரியம் காட்டலாம் என்று இந்த அசலைத்தான் போட்டு வைத்திருந்தேன். கன்ட்ரோலரைக் கையில் கொடுத்து, இதுதான் உண்மையான பேக்-மேன், 1980இல் இருந்த மாதிரியே, ஒரு பிக்சல்கூட மாறாதது என்று பெரிதாகச் சொன்னேன். அவள் திரையைப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"என்னடா இது, நெட்டையா இருக்கு? ஸ்கோர் எங்க?"

"மேல இருக்கு பாரு. அசல்ல அங்கதான் இருக்கும்."

"ஸ்கோர் அந்தப் பக்கம்ல இருக்கணும்" என்று வலது ஓரத்து வெறும் கறுப்பைக் காட்டினாள்.

இரண்டு உயிர் விளையாடினாள். திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்பே திரும்பினாள், சுவரில் முட்டினாள், கன்ட்ரோலரை உதறினாள். மேலே ஏறும் சந்து முடியாமல் போய்க்கொண்டே இருந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பெட்டி முன் நின்ற அன்று எனக்கும் அந்த முகம்தான் இருந்திருக்கும்.

"இது நம்ம கேம் இல்லடா. அதைப் போடு."

எழுந்து போய் வயரை மாற்றினேன். பட்டியல் வந்தது. அவள் எண்ணாமலே கீழே தள்ளிக்கொண்டு போய்ச் சரியான வரியில் நிறுத்தினாள். தொடக்க இசை முடிந்ததும், எப்போதும் போல, யோசிக்காமல் இடதுபக்கம் போனாள்.

"கடன்காரன் வர்றான் பாரு" என்றேன்.

"தெரியும், பேசாம இரு."